ஸ்கடர் குடும்பமும் எங்கள் குடும்பமும்

மலருக்கு ஒரு வியாசம் எழுதித் தருக என்று பத்திராசிரியர் கேட்டபொழுது, எழுதுதற்கு என்னிடம் ஒன்றுமில்லை என்றே முதலில் மறுத்துவிட்டேன். பின்னர், ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரில் வசிக்கும் என் பழைய மாணாக்கர் ஒருவரின் கடிதம் வந்து என் மனத்தைக் கிளறிவிட்டது. அவர் குடியிருக்கும் தெருவில் ஒரு முதியவர் உளராம். அம்முதியவர் தம் பாட்டனாரின் பாட்டனார் எந்தக் கப்பலில் ஏறினார், எந்தத் துறையில் இறங்கினார், எத்தனை ஏக்கர் நிலம் பெற்றார், யாரை மணந்தார் என்பவற்றையெல்லாம் தேடிச் சேர்த்து ஒரு பெரும் புத்தகமாகக் கட்டி வைத்திருக்கிறாராம். அதனைக் காட்டி முடித்தபின், "உம்முடைய குடும்ப வரலாறு யாது?" என்று அவர் வினவ, நம் மாணாக்கர் திகைத்து நின்றாராம். "ஐயா, என் தகப்பனாரின் பாட்டனார் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. தங்களுக்குத் தங்கள் முன்னோரைத் தெரியுமா?" என்று எழுதியிருந்தார்.

1788-ஆம் ஆண்டில் முதற் கப்பற்கூட்டம் சிட்னித் துறையை அடைந்தது முதல், அத்தேசத்திற் குடியேறினோர்க்குப் பதிவேடுகள் உள. கைதிகளாய் விலங்கு பூண்டு வந்தோர்க்கும் அவ்வேடுகளில் இடமுண்டு. அவர்கட்குமுன் பல்லாயிரம் ஆண்டுகள் அந்நிலத்தில் வாழ்ந்த பழங்குடியினரிற் பலரோ பெயர் எழுதுவாரின்றியே மறைந்தனர். இதை எண்ணியபொழுது, வேறெங்கும் போகவேண்டுவதில்லை, நம் வேலூர் இராணிப்பேட்டைப் பக்கங்களிலேயே இதற்கொப்பானதொரு கதை உண்டென்று எனக்குத் தோன்றிற்று. நிலம்பிடிக்க வந்தவரல்லரேனும், கப்பலேறி வந்து தலைமுறை தலைமுறையாய் இங்கே வாழ்ந்த ஸ்கடர் குடும்பத்தாரைத்தான் சொல்லுகிறேன்.

அவர்களுடைய முதற் கப்பலின் பெயர் இன்டஸ். 1819-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாஸ்டன் துறைமுகத்தினின்றும் அது புறப்பட்டது. நியூயார்க்கில் நற்பெயருடன் வைத்தியம் செய்துவந்த ஜான் ஸ்கடர் என்பார், நோயாளி ஒருத்தியின் வீட்டில் காத்திருக்கையில் மேசைமேற் கிடந்த சிறு பிரசுரம் ஒன்றைப் படித்தார். அதனால் மனம் மாறி, மனைவி ஹேரியட் அம்மையாரோடும் கைக்குழந்தையோடும் அதில் ஏறினார். குழந்தை கல்கத்தாவிலேயே இறந்துபோயிற்று. கண்ணீர் உலராமலே அவர்கள் யாழ்ப்பாணம் சென்று பண்டத்தரிப்பில் வீடமைத்தனர். 1836-ல் ஸ்கடர் ஐயரும் உடன்வந்த வின்ஸ்லோ ஐயரும் சென்னைக்கு மாறினர். பிற்காலத்தில், 1862-ல், பெரிய தமிழகராதியை வெளியிட்ட வின்ஸ்லோ இவரே. கப்பலேறி இருபத்துமூன்று ஆண்டு கழிந்த பின்னரே, 1842-ல், ஸ்கடர் தம்பதிகள் தாய்நாட்டைத் திரும்பக் கண்டனர். அம்மையார் 1849-ல் சென்னையிலும், ஐயர் 1855-ல் தென்னாப்பிரிக்காவிலும் காலமாயினர்.

அவர்களுடைய புதல்வர் எழுவர் இந்நாட்டிலேயே ஊழியராயினர். பெண்களும் பின்வாங்கவில்லை. மூத்தவராகிய ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்னும் சகோதரர் மூவர் கூடி 1853-ல் ஆற்காடு மிஷனை நிறுவினர். சைலஸ் என்பார் 1866-ல் இராணிப்பேட்டையில் வைத்தியசாலை திறந்தார். இவர்களைப் புகழ்ந்தே எழுதிவிடுதல் எளிது. ஹென்றி மார்ட்டின் தமிழும் வடமொழியும் நன்கு கற்றவர். கற்ற தமிழ்ச் செய்யுட்களை எடுத்துக்காட்டியே நாட்டுச் சமயங்களை மறுத்துச் சந்தைவெளிப் பிரசங்கிகளுக்கென ஒரு நூல் இயற்றினார். அவருடைய புலமையை நான் வியக்கிறேன். அதனைப் பயன்படுத்திய விதத்தை அவ்வாறு வியக்க என்னால் இயலவில்லை.

இக்குடும்பத்தில் நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் நான்கு தலைமுறைகளில் இத்தேசத்தில் உழைத்தனரென்றும், அவர்தம் உழைப்பாண்டுகளைக் கூட்டினால் ஆயிரத்துக்கும் மிகுமென்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு என்பதைத் தலைப்பிலேயே தாங்கிய குடும்ப வரலாறு ஒன்று 1984-ல் வெளிவந்தது. அக்கணக்கைக் கண்டதும் எனக்கொரு குறும்பான எண்ணம் பிறந்தது. ஆம்பூர்த் தோல் ஷாப்புகளில் எங்கள் குடும்பத்தார் உழைத்த ஆண்டுகளை நானும் கூட்டத் தொடங்கினேன். பாட்டனார் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற ஆண்டுகள், அவர் தம்பிமார் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இடித்த ஆண்டுகள், என் தகப்பனார் தோலைச் சீவிய ஆண்டுகள் என்று விரல்மடக்கி இருநூற்றுச் சொச்சம் வரையில் வந்தேன். அதற்குமேல் போக வழியில்லை. பாட்டனாருக்கு முந்தினவர் எவரென்று தெரிந்தாலன்றோ கூட்டுவதற்கு?

ஆகவே சென்ற கோடை விடுமுறையில் ஆம்பூரிலிருக்கும் என் அத்தையைத் தேடிச் சென்றேன். தகப்பனாருக்கு மூத்தவர், எண்பத்தைந்து கடந்தவர், கண்பார்வை குறைந்ததேயன்றி நினைவு குறையவில்லை. நான் கையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்ததைக் கண்டு, "என்னப்பா, பத்திரம் எழுதவா வந்திருக்கிறாய்? எங்களிடம் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது?" என்று நகைத்தார்.

"பாட்டி எந்த வருஷத்தில் பிறந்தார்கள், அத்தை?" என்றேன்.

"வருஷம் யாருக்குத் தெரியும்? வெள்ளைக்கார அம்மாவின் மோட்டார் எங்கள் ரோட்டில் ஓட ஆரம்பித்து மூன்றாம் வருஷம் என்று சொல்வார்கள்."

நான் எழுதுகோலை வைத்துவிட்டேன். அம்மோட்டார் வண்டி எதுவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அது வந்த ஆண்டும் தெரியும்.

இதனை அன்பர்கள் விளங்கிக்கொள்ளும்படி ஸ்கடர் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைக்கு வரவேண்டியிருக்கிறது. எழுவரில் இளையவராகிய இரண்டாம் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இராணிப்பேட்டையிற் பிறந்தார். தாது வருஷப் பஞ்சம் நாட்டை வாட்டியபொழுது அவருக்கு ஆறு வயது. தாமே எடுத்துண்ணவும் வலியற்றுக் கிடந்த குழந்தைகளின் வாயில் அச்சிறுமி ரொட்டித் துண்டுகளை ஊட்டினாராம். பின்னர் அமெரிக்காவிற் படிப்பதற்கென்று சிகாகோவிலிருந்த பெரியதகப்பனார் ஹென்றி மார்ட்டின் வீட்டில் விடப்பட்டார். தாயார் இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்றிரவு, அவர் படுத்திருந்த வெறுங்கட்டிலில் வீழ்ந்து அழுதாரென்று அவர் வரலாறு கூறும். மிஷனெரிப் பிள்ளைகட்கு இது வழக்கமான விதி. தாய்நாடு எதுவென்று அவர்களைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பரோ! இராணிப்பேட்டையில் பிறந்த அப்பெண் இந்தியாவே வேண்டாமென்று வெறுத்திருந்ததில் எனக்கு வியப்பில்லை.

1890-ல் தாயார் நோயுற்றதால் ஐடா திண்டிவனம் வந்தார். அங்கே ஓரிரவில் நிகழ்ந்தது வேலூரில் யாவரும் அறிந்ததே. பிராமணர் ஒருவர், முகம்மதியர் ஒருவர், உயர்குல இந்து மற்றொருவர் என மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனைப்படும் தம் மனைவியைக் காப்பாற்ற வரவேண்டுமென்று அப்பெண்ணை வேண்டினர். தனக்கு வைத்தியம் தெரியாது, தகப்பனாரை அழைத்துச் செல்லுங்கள் என்று அவர் கூற, ஆடவர் கண்ணிற் படுவதினும் இறப்பதே மேலென்று மூவரும் திரும்பிவிட்டனர். விடிந்தபொழுது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தனர். ஐடா அமெரிக்கா சென்று, 1899-ல் வைத்தியப் பட்டம் பெற்று, 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூருக்கு மீண்டார். அவ்வாண்டிலேயே தகப்பனார் இறக்க, தனியே நின்று தொழில் செய்தார். 1902-ல் பெண்களுக்கான ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1918-ல் 17 மாணவிகளோடு வைத்தியப் பள்ளி தொடங்கினார். அவர்களில் 14 பேர் 1922-ல் தேறினர். இன்று உலகறிந்த கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி அதன் வளர்ச்சியே. அம்மையார் 1960-ல் கொடைக்கானலிற் காலமானார்.

இந்த வரலாற்றைப் பன்முறை படித்திருக்கிறேன், மேடையிலும் பேசியிருக்கிறேன். ஆயினும் அன்று அத்தை வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபொழுதே ஒன்று என் மனத்தில் உறைத்தது. அம்மூன்று பெண்களின் பெயர் என்ன? முதலாமவளுக்கு வயது 14 என்பர். கணவன்மாரின் சாதியும் மதமும் ஒவ்வொரு நூலிலும் உண்டு. கப்பலின் பெயர் உண்டு. பாதிவழியில் இறந்த கைக்குழந்தையின் பெயர் மரியா என்பதும் உண்டு. எவர் மாண்டதனால் இவ்வளவும் எழுந்ததோ, அவர் பெயரை நான் படித்த எந்நூலிலும் கண்டதில்லை. அன்று வாயிலில் நின்றவர்களை மனைவியின் பெயரை எவரும் கேட்டிருக்கமாட்டார். கேட்டிருந்தாலும் அக்கால வழக்கில் அவர்கள் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மோட்டார் கதைக்குத் திரும்புவோம். ஐடா அம்மையார் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நின்று கிராமத்தாருக்கு மருந்து கொடுத்து வந்தார். அதற்கென 1909-ல் பிரெஞ்சு தேசத்துப் பியூஜோ மோட்டார் ஒன்று வந்தது. மாடின்றி ஓடும் வண்டியைக் கண்டு ஜனங்கள் பிசாசென்று ஓடினார்களாம். எங்கள் முன்னோர் தோல் வேலைக்கு ஆம்பூர் வருமுன் அச்சாலையோரச் சிற்றூர் ஒன்றில் கூலிவேலை செய்தவர்கள். என் பூட்டியார் தலைப்பிரசவத்தில் இரண்டு நாள் வேதனைப்பட்டு, மூன்றாம் நாள் மோட்டார் வரும் நாளாயிருந்தபடியால், கட்டிலோடு தூக்கிச் சென்று புளியமரத்தடியிற் கிடத்தினர். வண்டியிலேற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே பிறந்த பெண்தான் என் பாட்டி. மூன்றாம் வருஷம் என்றால் 1911 அல்லது 1912 ஆகிறது. எங்கள் குடும்பத்தில் எனக்குக் கிடைத்த முதல் தேதி இதுவே. அதுவும் அவர்கள் வண்டியை வைத்து எண்ணிய தேதி!

"ஆஸ்பத்திரி என்றால் அக்காலத்தில் பயப்படுவார்களே, அத்தை, எப்படித் துணிந்தார்கள்?" என்று கேட்டேன்.

அத்தை சற்றுநேரம் பேசவில்லை. "முன்னே ஒருத்தி போய்விட்டாளே, அதனால்தான்" என்றார்.

பூட்டியாருக்கு ஒரு தமக்கை இருந்தாராம். இதனை என் தகப்பனார் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கும் தெரியாதென்றே நினைக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னர் அப்பெண்ணும் அவ்வாறே வேதனைப்பட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமென்று யாரோ சொல்ல, பெரியவர்கள் கூடாதென்று தடுத்துவிட்டனர். தாயும் பிள்ளையும் ஒருசேரப் போயினர். அவளுடைய தகப்பனார் இரண்டாம் மகளை எவரையும் கேளாமல் கட்டிலோடு தூக்கியது அதன் பிறகே.

"அவர்கள் பெயரென்ன?"

"அதை எதற்குக் கேட்கிறாய்? பிள்ளைபெறுகையில் போனவள் பெயரை நம் வீட்டில் எந்தக் குழந்தைக்கும் வைக்கவில்லை. வாயால்கூடச் சொல்லமாட்டார்கள். என் அம்மா சாகிறதற்குச் சில நாள் முன்னேதான் எனக்குச் சொன்னாள்."

நான் வற்புறுத்தவில்லை. பேச்சு வேறு திசையிற் சென்றது. பாலாற்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்த காலம், தோல் ஷாப்புக் கழிவால் கிணறுகள் கெட்ட காலம், 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபொழுது வேலை போய்விடுமோவென்று தெருவெல்லாம் அஞ்சியது ஆகியவற்றைச் சொல்லிக்கொண்டே வந்தார். மாலையில் நான் எழுந்து விடைபெற்றபொழுது, "இங்கே வா" என்று கிட்ட அழைத்து, என் காதோடு அப்பெயரைச் சொன்னார். நிகண்டில் தேடவேண்டிய பெயரன்று. நம் தெருக்களில் வீட்டுக்கொருத்தி உடைய பெயர்தான்.

"புத்தகத்தில் அச்சுப்போடாதே. உன் நோட்டில் எழுதிக்கொள், போதும்" என்றார். அங்ஙனமே எழுதினேன். மெல்பர்ன் மாணாக்கருக்கு எழுதும் பதிலிலும் அப்பெயர் வராது.

"எழுதிவிட்டாயா?"

"எழுதிவிட்டேன், அத்தை."

"எனக்குத்தான் கண் தெரியாதே. தப்பில்லாமல் எழுதியிருக்கிறாயா? எழுத்தெழுத்தாகப் படி, கேட்கிறேன்."

படித்தேன். மறுபடியும் ஒருமுறை படிக்கச் சொன்னார்.