ஏற்றமும் கியர் பாக்ஸ் சூடும்

மே 8, வியாழன்
சனிக்கிழமை வால்பாறைப் பயணம். ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் உள்ள ஏசி கண்டென்சருக்கும் இடையே அடைந்திருந்த தூசியையும் பூச்சிகளையும் தண்ணீர் விட்டுக் கழுவினேன். என் ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் பாக்ஸ் ஆயிலும் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் போய்த்தான் குளிர்ந்து திரும்புகிறது. டேஷ்போர்டு முள் காட்டுவதோ இன்ஜின் சூட்டை மட்டும். அதனால் ஓபிடி பிளக்கில் சின்னக் கருவி ஒன்றைச் செருகி, கியர் பாக்ஸ் ஆயிலின் சூட்டைப் போனில் பார்த்துக்கொள்கிறேன்.

மே 10, சனி
ஆழியாறு வரை 86 டிகிரி. சமதரையில், இன்ஜின் சக்தியை ஆயில் வழியே கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகிவிடும்; வழுக்கல் இல்லாததால் சூடும் குறைவு. பிறகு 40 கொண்டை ஊசி வளைவுகள். விடுமுறைக் கூட்டம். ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ பக்கம் வரிசை நகரவேயில்லை. முன்னால் ஒருவர் பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியே ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். பார்க்கவே பதறியது. சக்கரம் சுற்றாதபோது இன்ஜின் தரும் சக்தியெல்லாம் கன்வெர்ட்டருக்குள் ஆயிலைக் கடைந்து சூடாகிறது. மாப்பிள்ளை இறங்கிப் போய்ச் சொன்னார். உடனே பிரேக் விளக்கு எரிந்தது.

வரிசை கலைந்ததும் எனக்கு 112. டிரைவில் விட்டால் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே கியர் தடுமாறும். கையால் இரண்டாவதில் நிறுத்தினேன். "ஏன் கண்ணு, வண்டி இந்தக் கத்து கத்துது?" என்றார் அம்மா. கத்தட்டும். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் வழுக்கல் குறையும், பம்ப்பும் ஆயிலைக் கூடுதலாகத் தள்ளும். அட்டகட்டிக்குள் 101க்கு இறங்கியது. அங்கே பார்க்கில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் சிறிது நேரம் ஓடவிட்டேன். அணைத்தால் ஆயில் சுற்றுவதும் நின்றுவிடும்.

மே 11, ஞாயிறு
மாப்பிள்ளையின் வண்டி உலர்ந்த இரட்டை கிளட்ச் வகை. கிளட்ச்சைக் குளிர்விக்க ஆயில் கிடையாது, காற்றுதான். வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து போனால் என்னுடையதைவிடச் சீக்கிரம் சூடாகும். முன்னால் இடம் விழட்டும், பிறகு ஒரேயடியாக நகருங்கள் என்றேன்.

மே 12, திங்கள்
இறக்கம் முழுக்க இரண்டாவது கியர். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டாலே பெட்ரோல் நின்றுவிடும். நியூட்ரலில் பாரமெல்லாம் பிரேக் மேல்தான்.

மே 14, புதன்
மெக்கானிக் ஆயிலை எடுத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாகி, லேசான தீய்ந்த வாடை. சூடு சுமார் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. கையேட்டில் 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று போட்டிருக்கிறது. மலையேறும் வண்டிக்கு அது செல்லாது. 60,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள். உங்கள் வண்டிக்கென்று குறித்த ஆயிலை மட்டும் ஊற்றுங்கள்.