கும்பிடுபூச்சியின் இரு கேடயங்கள்

கும்பிடுபூச்சி கைகூப்பி நிற்கும் கோலத்தை நம்மில் அறியாதார் இலர். ஐரோப்பாவில் வாழும் ஓர் இனத்துக்கு 1758-ல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி பக்தியைக் குறிக்கும் பெயரையே சூட்டினார். கூப்பிய கைகள் இரை பிடிப்பதற்கே என்பது வேறு விஷயம். அப்பூச்சி தன் உயிரைக் காத்துக்கொள்ளும் விதந்தான் நம்மைப் பெரிதும் கவர்கிறது.

அதன் முதற் கேடயம் நிறம். அந்த ஐரோப்பிய இனத்தில் பச்சைப் பூச்சிகளும் உண்டு. பழுப்புப் பூச்சிகளும் உண்டு. இந்த நிறம் மெய்யாகவே உயிரைக் காக்கிறதா? இத்தாலியில் செஸ்னோலா என்பவர் இதைப் பரீட்சித்து, 1904-ல் முடிவை வெளியிட்டார். 110 பூச்சிகளை அவர் நூலால் கட்டிப் புல்லில் விட்டார். பசும்புல்லில் விட்ட 20 பச்சைப் பூச்சிகளும், காய்ந்த புல்லில் விட்ட 20 பழுப்புப் பூச்சிகளும் 17 நாட்கள் கழிந்தும் பிழைத்திருந்தன. காய்ந்த புல்லில் விட்ட 25 பச்சைப் பூச்சிகளோ 11 நாட்களுக்குள் அனைத்தும் மாண்டன. பசும்புல்லில் விட்ட 45 பழுப்புப் பூச்சிகளில் எஞ்சியவை பத்தே! ஆகவே நிறம் மட்டும் போதாது. அதற்கேற்ற இடமும் வேண்டும்.

மறைவு பலிக்காமல் பகை நெருங்கிவிட்டால் இரண்டாவது கேடயம் வெளிப்படுகிறது. பூச்சி நிமிர்ந்து நின்று சிறகுகளை விரிக்கிறது. முன்னங்கால்களை அகற்றி, உட்புறத்திலுள்ள கண் போன்ற கரும்புள்ளிகளைக் காட்டுகிறது. வயிற்றைச் சிறகில் உரசிச் சீறுவது போன்ற ஒலியையும் எழுப்புகிறது.

இதை வகுப்பில் விவரித்தபோது ஒரு சிறுவன், "ஸார், அதற்கு விஷம் உண்டா?" என்றான். "விஷமும் இல்லை, கொடுக்கும் இல்லை" என்றோம். "அப்படியானால் எதற்காகப் பயமுறுத்துகிறது?" என்றான். "அவை இல்லாததனால்தான், அப்பா!" என்றோம்.

இந்த மிரட்டல் பறவையிடம் பலிக்கக்கூடும், மனிதனிடம் பலிப்பதில்லை. பறவை மிரண்டால் பறந்து போகிறது. மனிதன் மிரண்டாலோ செருப்பைத் தேடுகிறான். உயிரைக் காக்க ஏற்பட்ட உபாயமே நம் வீட்டுச் சுவரில் அதற்கு யமனாகி விடுகிறது. வெள்ளைச் சுவரில் மறைய இடமேது?

எனவே, விளக்கொளியை நாடி வந்த கும்பிடுபூச்சி சிறகை விரித்துச் சீறினால், வீட்டிலுள்ளோர் அஞ்ச வேண்டாம். ஒரு குச்சியில் ஏற்றி, கொல்லைப்புறத்துச் செடியில் விட்டுவிடுங்கள். பச்சைப் பூச்சியானால் பச்சை இலையில் விடுங்கள். மறுநாள் குழந்தைகள் தேடினாலும் அகப்படாது; அதுவே அது க்ஷேமமாயிருப்பதற்கு அடையாளம்.