கொல்லிமலையில் வாத்துக் குஞ்சு

காரவள்ளியில் பஸ் மலை ஏற ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் தாண்டித்தான் செம்மேடு. என் நாத்தனார் வாழ்க்கைப்பட்ட ஊர் அதற்குப் பக்கம்தான். அறப்பளீஸ்வரர் தரிசனம், ஆகாய கங்கைக் குளியல் (ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏறணும், முழங்கால் பத்திரம்!) எல்லாம் முடித்து அவள் வீட்டில் நாலு நாள் தங்கினோம். சுற்றிலும் பலாவும் மிளகுக் கொடியும். சாமைச் சோறு அமிர்தம்தான்.

அவள் முகத்தில்தான் சிரிப்பில்லை. "பன்னிரண்டு வாத்து முட்டையை அடை வச்சேன் அண்ணி. மூணுதான் பொரிஞ்சுது. இன்னொரு தடவை இப்படி ஆனா வாத்தே வேணாம்னு இவர் சொல்லிட்டார்." நாமக்கல்லில் படிக்கும் மகளின் ஹாஸ்டல் செலவுக்கு வாத்து முட்டைக் காசை நம்பியிருந்தாள், பாவம்.

பொரியாத ஒன்பதையும் குப்பைக்குழி ஓரம் உடைத்துப் பார்த்தோம். நாற்றம் சகிக்கலை. ஆனால் காரணம் உள்ளேதானே இருக்கிறது! மூன்று வெறும் கூமுட்டை. இரண்டு ஆரம்பத்திலேயே கெட்டவை. நான்கில் முழுக் குஞ்சு, இறகோடு ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது. அதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

கூமுட்டைக்குக் காரணம், ஐந்தாறு பெட்டைக்கு ஒரு கிடாவாவது இல்லாதது. அல்லது முட்டை பழசு. ஒரு வாரத்துக்கு மேற்பட்டதை அடை வைக்கக் கூடாது. கீழேயிருந்து வாங்கி வந்த முட்டை எழுபது வளைவிலும் குலுங்கியிருக்கும். வந்ததும் கோழிக்கு அடியில் வைக்காமல், அகன்ற முனை மேலே இருக்கும்படி ஒரு நாள் சும்மா வைத்திருக்க வேண்டும்.

முழுக் குஞ்சு சாவது பெரும்பாலும் ஈரம் போதாமல்தான். தாய் வாத்து தண்ணீரில் முங்கிவிட்டு நனைந்த இறகோடு வந்து உட்காரும். கோழிக்கு ஏது அந்த வழக்கம்? மலை உயரத்தில் முட்டையின் ஈரமும் சீக்கிரம் வற்றும். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் அம்மா, கோழி தீனிக்கு எழுந்திருக்கும் நேரம் பார்த்து, பத்தாம் நாளிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை முட்டை மேல் லேசாகத் தெளிப்பாள். கூடைக்கு அடியில் வைக்கோலுக்கும் கீழே ஈரமண் பரப்புவாள்.

இன்னொன்று, நாட்டுக்கோழிக்குப் பன்னிரண்டு வாத்து முட்டை ரொம்ப அதிகம். ஏழெட்டுதான் சரியாக மூடும். முட்டை கனமானது, கோழியால் புரட்ட முடியாமல் போகலாம். கரியால் ஒரு பக்கம் கோடு போட்டு, காலை மாலை நாமே திருப்பணும். 25-ஆம் நாளோடு நிறுத்திவிடலாம். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்துக்கு 28. மணிலா வாத்தானால் 35. கூடுதல் நாள் உட்காரும் கோழி இளைத்துப் போகும், தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். மெஷினில் வைப்பவர்கள் 37.5 டிகிரி சூடும், கடைசி மூன்று நாள் நிறைய ஈரமும் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி நரம்பு தெரியும். தெரியாததை எடுத்துவிடலாம். ஓட்டில் துளை விழுந்த பிறகு குஞ்சு வெளிவர ஒரு நாளுக்கு மேலும் ஆகும். பரிதாபப்பட்டு உரித்துவிடாதீர்கள், ரத்தம் கசிந்து செத்துவிடும்.

போன மாதம் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. எட்டு வைத்ததில் ஆறு பொரிந்ததாம். "இவர்தான் அண்ணி இப்ப தண்ணி தெளிக்கறார்!" என்றாள்.