பிடியும் விடுதலும்

காவிரி என்றதும் நம் நினைவில் எழுவன வயலும் வாய்க்காலுமே. ஆனால் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், பீமேசுவரிக் காட்டில், அவள் பாறைகளை மோதிப் பாய்ந்தோடுகிறாள். அங்கேதான் மகசீர் வாழ்கிறது. கெண்டைக் குடும்பத்து மீன்தான். ஆயினும் நம் குளத்துக் கெண்டை அன்று! 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. நண்பர்களே, நம் விடுதியில் அந்த எடையை எட்டாதவரும் உளர்!

இத்தகைய மீனை ஒரு கோல் எவ்வாறு தாங்கும்? அல்சூரில் எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய முதியவர் ஒருவர் இளமையில் தூண்டிலோடு காவிரிக்குச் சென்றவர். அவரிடமே கேட்டேன். பரணிலிருந்த கோலையும் ரீலையும் இறக்கினார்.

"மீன் எதை இழுக்குது, தம்பி?"

"நூலைத்தானே, தாத்தா!"

"நூல் ரீலை இழுக்கும், ரீல் கோலை இழுக்கும். ரெண்டும் சேர்ற இடம் ஆடினா எல்லாம் போச்சு."

ரீலின் அடியில் பாதம்போல் நீண்ட தகடு உண்டு. அதன் ஒரு முனை கோலிலுள்ள உறைக்குள் நுழையும். மறுமுனையை நகரும் உறையொன்று மூட, மரையுள்ள வளையம் அதனை இறுக்கும். அது தளராதிருக்கப் பின்னால் இன்னொரு வளையம். சிறு மீனுக்கு இது போதும்.

பெரிய மீன் இழுத்தால் ரீல் முன்னே சாயப் பார்க்கும். பாதத்தின் பின்முனை மேலெழப் பார்க்கும். கைப்பிடி ஒரு பக்கம் இருப்பதால், சுற்றும்போது பக்கவாட்டிலும் முறுக்கும். ஆகவே கோலின் அடியில் வளைந்த கவ்வியொன்றை வைத்து, ரீலிலிருந்து இறங்கும் போல்ட்டுகளை அதன் துளைகளில் செலுத்தி, காது வைத்த நட்டுகளால் முடுக்குகிறார்கள். இருபுறமும் மாறி மாறிச் சமமாக முடுக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் முடுக்கினால் கவ்வி கோணிவிடும்.

"இவ்வளவு இறுக்கினால் நூல் அறுந்துவிடாதா, தாத்தா?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே நூலைப் பற்றி இழுத்தார். ரீல் அசையவில்லை, உள்ளிருந்த உருளை மட்டும் மெல்லச் சுழன்று நூலை விட்டது. நூல் அறுவதற்கு முன்பே வழுக்கும்படி அதன் பிரேக்கை அளந்து வைப்பார்களாம்.

"பாதம் அசையக் கூடாது, உருளை விட்டுக்கொடுக்கணும். ரெண்டும் இருந்தாத்தான் மீன்."

உறுதி வேறு, முரட்டுத்தனம் வேறு என்பதை எந்த அறநூலும் எனக்கு இத்தனை தெளிவாகச் சொன்னதில்லை.

ஆனால் அந்த மீன்? காவிரியின் பெரிய திமில் மகசீரை, முற்றிலும் அழியும் ஆபத்தின் விளிம்பில் உள்ள இனமாக, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018-இல் அறிவித்தது. அணைகளும், மணல் அள்ளுதலும், வெடிவைத்து மீன் பிடித்தலும், ஆற்றில் புதிதாக விடப்பட்ட வேறு மகசீர்களும் அதனை நெருக்கின.

"மறுபடி தூண்டில் போட ஆசையில்லையா?" என்றேன்.

"அது ஆத்துல இருக்கட்டும், தம்பி. நான் பாத்ததை உன் பிள்ளைங்களும் பாக்கணுமே" என்று நட்டுகளைக் கழற்றினார்.

இறுகப் பற்றத் தெரிந்த கைக்கே விடவும் தெரியும் போலும்!