இதுல உன் கூலி எங்க?

"வீட்டுல சும்மாதானே இருக்கே... ஏதாவது தொழில் செய்யலாமே!"

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். நாத்தனார் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், ஊரிலிருந்து வந்த சித்தி சொல்வார். கேட்ட பெண்ணும் உற்சாகமாகத் தொடங்கிவிடுவார். சிக்கல் அந்த 'சும்மா'வில் இருக்கிறது. வீட்டு வேலைக்கு விலை போடாத அந்தச் சொல், மெதுவாகத் தொழிலுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மதுரை வில்லாபுரம் பக்கம் இட்லிப் பொடி செய்து விற்கும் ஒரு குடும்பத்தலைவியின் கதையும் அப்படித்தான். வளைகாப்பு வீடு ஒன்றில் அவர் கொண்டுபோன பொடியை நான்கு பேர் பாராட்டினார்கள். இரண்டு பேர் "எங்களுக்கும் அரைச்சுத் தாங்களேன்" என்றார்கள். அடுத்த மாதமே கீழமாசி வீதியில் உளுந்தும் கடலைப்பருப்பும் மொத்தமாக வாங்கி, 5 கிலோ பொடி தயார் செய்துவிட்டார்.

பொடிதானே என்று தோன்றும். மிளகாயைக் காம்பு கிள்ளி மாடியில் காயப்போட வேண்டும். பருப்பில் கல் பார்க்க வேண்டும். தீயைக் கூட்டினால் உளுந்து வெளியே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும். ஆகவே, சிறு தீயில் நின்று நின்று வறுக்க வேண்டும். உப்பைக்கூட வறுத்துப் போட்டால்தான் ஈரம் கோக்காது. மிஷினுக்குப் போனால், முன்னால் யாராவது மல்லி அரைத்திருப்பார்கள். அந்த வாசனை போக முதல் கைப்பிடியை ஓட்டிக் கழித்துவிட வேண்டும். சூட்டோடு அரைத்து வந்த பொடியை உடனே கவரில் போட்டால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். தாளில் பரப்பி, ஆறவிட்டு, அதன் பிறகுதான் எடை.

இத்தனையும் செய்து, கால் கிலோ பாக்கெட் 90 ரூபாய் என்று விலை வைத்தார். கணக்கு நோட்டில் இப்படி எழுதினார்: சாமான் 1,150 ரூபாய், கவரும் ஸ்டிக்கரும் 120, அரவைக் கூலியும் கேஸும் 80. மொத்தம் 1,350. இருபது பாக்கெட் விற்று வந்தது 1,800. லாபம் 450 ரூபாய்!

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நோட்டை வாங்கிப் பார்த்த மாமியார் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏத்தா, இதுல உன் கூலி எங்க?"

மாமியார் இளம்வயதில் அப்பளம் தேய்த்தவர். மதுரையில் அப்பளத் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் உண்டு. "கிலோவுக்கு இவ்வளவுன்னு எண்ணி வாங்கிட்டுத்தான் வருவேன். முதலாளி கொறைச்சாகூட சண்டை போடலாம். நீயே முதலாளி, நீயே கூலியாளு. யார்கிட்டத்தா சண்டை போடுவ?"

மருமகளிடம் பதில் இல்லை. இருவரும் உட்கார்ந்து மணிக்கணக்கைப் போட்டார்கள். சாமான் வாங்கிச் சுத்தம் செய்ய 3 மணி நேரம், வறுக்க 3, மிஷினுக்குப் போய்வர 1, பாக்கெட் போட 2, போனில் பதில் சொல்லி வீடு வீடாகக் கொடுத்துவர 3. ஆக 12 மணி நேரம். 450 ரூபாயை 12-ஆல் வகுத்தால், மணிக்கு 37 ரூபாய் 50 காசு. அதிலும் 'ருசி பாருங்க' என்று உறவினர்களுக்குச் சும்மா கொடுத்த இரண்டு பாக்கெட்டை நோட்டில் விற்றதாகவே எழுதியிருந்தார். அந்த 180 ரூபாயைக் கழித்தால் கையில் 270தான். மணிக்கு 22 ரூபாய் 50 காசு.

வீட்டிலிருந்து தொழில் செய்யும் பலர் நஷ்டத்தை லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான். கடை வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை, அதனால் மலிவாகத் தர முடிகிறது என்கிறார்கள். உண்மையில் அந்த மலிவு ஒருவருடைய கை வலியிலிருந்தும் தூக்கத்திலிருந்தும் வருகிறது. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழிக்கிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஏறக்குறைய 5 மணி நேரத்தை அப்படிக் கொடுத்து முடித்த பிறகுதான் பொடி வறுக்க அடுப்பு காலியாகிறது.

கூலியை எழுதாவிட்டால் தொழில் வளரவும் வளராது. தெருமுனை மளிகைக் கடைக்காரர், "நம்ம கடையில வைக்கிறேன்மா, 25 பர்சென்ட் கமிஷன்" என்றார். நியாயமான கேள்விதான், அவருக்கும் கடை நடத்த வேண்டுமே. 90 ரூபாயில் 25 சதவிகிதம் என்பது 22 ரூபாய் 50 காசு. பாக்கெட்டுக்கு அவருக்குக் கிடைத்த லாபமே அந்த 22 ரூபாய் 50 காசுதான். கடையில் வைத்தால் 12 மணி நேர உழைப்பும் தானம்!

அப்பளம் என்றதும் லிஜ்ஜத் நினைவுக்கு வராமல் போகாது. 1959-ல் மும்பை கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியது. அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அந்த 80 ரூபாயைத்தான் எல்லோரும் வியந்து பேசுவார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது, அங்கே பெண்கள் மையத்தில் மாவை வாங்கிப்போய், வீட்டில் தேய்த்து, திரும்பக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்கிய முறை. வேலை நடப்பது வீட்டில் என்பதற்காகக் கூலி காணாமல் போகவில்லை.

வில்லாபுரத்தில் அடுத்து நடந்தது புது விலை. நாளுக்கு 8 மணி நேரம், 600 ரூபாய் என்று தனக்கே கூலி நிர்ணயித்தார் மருமகள். மணிக்கு 75. ஒரே தடவையில் 10 கிலோவாகச் செய்தபோது நேரம் இரண்டு மடங்காகவில்லை. மிஷினுக்கு ஒரு நடைதான், கடைக்கும் ஒரு நடைதான். வீடு வீடாகப் போவதை நிறுத்திவிட்டு, புதன், சனி மாலை 5 முதல் 7 வரை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். எல்லாம் சேர்த்து 16 மணி நேரம். அதாவது 40 பாக்கெட்டுக்கு 1,200 ரூபாய் கூலி. ஒரு பாக்கெட்டுக்கு 30. பழைய அடக்கம் 67 ரூபாய் 50 காசோடு சேர்த்தால் 97 ரூபாய் 50 காசு. விலை 130 என்று வைத்தால், கடைக்காரருக்குக் கால் பங்கு போகக் கையில் நிற்பதும் சரியாக அதே தொகை. வீட்டுக்கு வந்து வாங்குபவர்களிடம் கிடைக்கும் மீதி 32 ரூபாய் 50 காசுதான் உண்மையான லாபம்.

90-லிருந்து 130! சொன்ன அன்றைக்கே உறவுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் மௌனமானார்கள். "நமக்குள்ளேயே இப்படியா?" என்று ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார். வாடிக்கையாளர்களில் ஆறேழு பேர் நின்றுவிட்டார்கள். இது வலிக்கத்தான் செய்யும். முதலில் பாராட்டியவர்களே முதலில் விலகுவதும் வழக்கம்தான். மிச்சமிருந்தவர்கள் பொடிக்காக வந்தவர்கள்.

பணம் வைக்கும் இடமும் மாறியது. அதுவரை பொடிக் காசு அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் ஒரு டப்பாவில் கிடந்தது. "பெட்ரோலுக்கு 200 எடுத்துக்கிட்டேன்" என்பார் கணவர். பால்காரருக்கும் அதிலிருந்தே போகும். யார் மேலும் குற்றமில்லை; குடும்பம் என்றால் அப்படித்தான். ஆனால், மாதக் கடைசியில் உளுந்து வாங்கப் பணமிருக்காது. இப்போது தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதற்கென ஒரு க்யூ.ஆர். அட்டை. அதிலிருந்து கூலி மாதா மாதம் அவருடைய சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. பெட்ரோல் பணம் கேட்பதானால் அவரைத்தான் கேட்க வேண்டும். முதல் மாதம் கணவருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. இரண்டாவது மாதத்திலிருந்து கேட்டே வாங்கிக்கொள்கிறார்.

கடையில் வைப்பதென்றால் பதிவு எண் வேண்டும். 'பொடிக்கெல்லாமா?' என்பார்கள். விற்பதற்காகச் சமைப்பது எதுவும் 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். சிறிய அளவில் செய்பவர்களுக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பித்தார்; கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். சேர்மானம், எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். இந்த 100 ரூபாய் வேலைக்கு ஒரு ஏஜென்ட் 2,500 கேட்டார். பிளஸ் டூ படிக்கும் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துக் கொடுத்தான். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம். அதற்கும் பணம் கேட்கும் இணையதளங்கள் உண்டு, ஜாக்கிரதை.

பலர் கவனிக்காத இன்னொன்று, கேஸ். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரில் வியாபாரத்துக்குச் சமைக்கக் கூடாது. அதற்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான். அது வந்தபோது அடக்கவிலை மறுபடி ஏறியது; நோட்டில் இன்னொரு கோடு. பின்கட்டில் மாமியார் கட்டில் கிடந்த இடத்தை ஒழித்துத் தனி அடுப்பு போட்டார்கள். கட்டில் கூடத்துக்கு வந்தது. "டிவி பக்கத்துல ஆச்சு, நல்லதுதான்" என்றார் மாமியார். இரவு ஒன்பது மணிக்குப் பெல் அடித்து, "ஒரே ஒரு பாக்கெட்" என்று கேட்பவர்களிடம் "புதன்கிழமை வாங்க" என்று சொல்வதும் அவர்தான். மருமகளுக்கு இன்னும் அது வாயில் வரவில்லை.

தீபாவளிக்கு முன்பு ஒரு கல்யாண சமையல் கான்ட்ராக்டர் 50 கிலோ கேட்டு வந்தார். விலையைப் பாதியாக்கச் சொன்னார், பணம் ஒரு மாதம் கழித்து என்றார். பழைய நோட்டாக இருந்தால் ஆர்டர் கிடைத்த மகிழ்ச்சியில் தலையாட்டியிருப்பார். மருமகள் உள்ளே போய்க் கணக்குப் போட்டுப் பார்த்து வந்து, "20 கிலோ தர்றேன்ணே. கிலோ 450, பாதி முன்பணம்" என்றார். கான்ட்ராக்டர் யோசித்துவிட்டுச் சொல்வதாகப் போனார். நான்கு நாள் கழித்து முன்பணம் வந்தது. அந்த 20 கிலோவுக்கு வறுக்க எதிர்வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டார். கூலி மணிக்கு 75 ரூபாய்.