பள்ளிமுனையில் ஒரு கோப்பைக் கோப்பி



மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கிப் பள்ளிமுனை வீதியால் நடந்தால் முதலில் எதிர்ப்படுபவை கழுதைகள்தான். நடுவீதியில் நின்றுகொண்டு யாருக்கும் வழிவிடாது. இன்னும் கொஞ்சம் போனால் அந்தப் பெரிய பெருக்கமரம். உயரம் 7.5 மீற்றர் அளவுதான், ஆனால் அடிமரத்தின் சுற்றளவு 19.5 மீற்றர். இந்த மரத்தையும் கழுதைகளையும் அந்தக் காலத்தில் அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்று ஊரிலே சொல்வார்கள். பெருக்கமரத்தின் பிறந்தகம் ஆபிரிக்கா. நாம் குடிக்கும் கோப்பியும் அங்கிருந்து வந்ததே. எதியோப்பியாவில் பிறந்து, யேமன் நாட்டிலே பயிராகி, அரபு வணிகரின் கைவழியாகத்தான் அது உலகைச் சுற்றியது.

மாதத்தில் இரண்டு தடவை இந்த வீதியால் போகிறேன். பள்ளிமுனையில் ஒரு மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கைப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. இந்த மாதம் கடனைப் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது மனதில் நின்றது ஒரு கோப்பைக் கோப்பி. அதிலும் கடன் இருக்கிறது, வாசித்துப் பாருங்கள்.

நான் விட்ட பிழை

புனித லூசியா ஆலயத்துக்குக் கிட்ட ஒரு வீட்டு முற்றத்தில் எங்கள் கூட்டம் நடக்கும். வருகிறவர்களில் பலர் விடியற்காலையில் கரைக்குப் போய் வலையிலிருந்து நண்டு கழற்றிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். கையெல்லாம் கீறலோடு வந்து உட்காருவார்கள். கணவனை இழந்தவர்களும், கணவன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவர்களும் அதில் இருக்கிறார்கள்.

அன்றைக்கு, வீட்டுச் செலவில் எதைக் குறைக்கலாம் என்பதுதான் பேச்சு. நான் ஒரு பெரிய தாளில் ‘தேவையில்லாத செலவுகள்’ என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டு போனேன். தொலைபேசிக்குப் போடும் காசு, பிள்ளைகளின் சோடா என்று எழுதியபோது எல்லோரும் தலையாட்டினார்கள். ‘கடைக் கோப்பிப் பக்கற்’ என்று எழுதியதும் ஒரு அக்கா எழும்பினார். ஐம்பது வயதைத் தாண்டியவர்.

“மிஸ், மற்றதெல்லாம் இருக்கட்டும். அதை மட்டும் அழிச்சுப்போடுங்க.”

“ஏன் அக்கா?”

“என்ர மனுசன் கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்ல. அவரைப் பற்றி விசாரிக்க எத்தினை பேர் என்ர வாசலுக்கு வந்திச்சினம். பேப்பர்க்காரர், விசாரணைக்காரர், உங்களைப் போல ஆக்கள். வந்த எல்லாருக்கும் கோப்பி குடுத்துத்தான் அனுப்பினனான். அதையும் குடுக்காமல் விட்டால் இந்த வீட்டில ஆளில்லை எண்டுதானே அர்த்தம்?”

நான் அந்த வரியை வெட்டிவிட்டேன். சமூகவியல் படித்துப் பட்டம் பெற்றவள் நான். விருந்தோம்பலைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் அது என்ன வேலை செய்கிறது என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

ரின்னுக்குள் இருந்த கணக்கு

கூட்டம் முடிந்ததும் அக்கா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு ரின்னுக்குள் பால், சீனி எல்லாம் கலந்த சிறு கோப்பிப் பக்கற்றுகள் இருந்தன. கடையில் கடனுக்கு எடுத்தவை. எனக்கு ஒன்றைக் கரைத்துத் தந்தார்.

“உங்களுக்கு அக்கா?”

“அது வாறவைக்கு, பிள்ளை. எனக்கு வெறுந்தேத்தண்ணி போதும்.”

கடைக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். அந்தச் சிறு பக்கற்றுகளில் பெரும்பகுதி சீனியும் பால்மாவும்தான். கோப்பி கொஞ்சம்தான் இருக்கும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே விலைகள் எப்படி ஏறின என்பது உங்களுக்கே தெரியும். வருகிறவர்களுக்காகக் கடன்பட்டு வாங்கிய கோப்பியை, வீட்டுக்காரி ஒருநாளும் குடித்ததில்லை.

“கோப்பியை விடவேண்டாம் அக்கா. பக்கற்றை விடுவோம். கொட்டை வாங்கி வறுப்போம்” என்றேன்.

என் அம்மா வவுனியாவில் கொட்டை வறுத்து இடித்துத்தான் கோப்பி போடுவார். அவரிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அடுத்த தடவை 250 கிராம் பச்சைக் கோப்பிக்கொட்டையோடு போனேன். நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

வறுத்தல், இடித்தல்

சோறு கறி ஆக்கி முடிந்து, அடுப்பில் தணல் இருக்கும்போது வறுத்தால் விறகும் மிச்சம். கல், சொத்தைக் கொட்டைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, அடி தடித்த தாச்சியிலோ மண்சட்டியிலோ கொட்டையைப் போட்டு, கைவிடாமல் கிண்டவேண்டும். முதலில் பச்சை நிறம் மாறி மஞ்சளாகும், வைக்கோல் மணம் வரும். பிறகு மண்ணிறமாகும். அதற்குப் பின் சோளம் பொரிவதுபோல் ‘பட் பட்’ என்று வெடிக்கும். அந்த வெடிப்பு அடங்கி ஒன்றிரண்டு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். எல்லாமாக 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். கரி நிறம் வரும்வரை விட்டால் கசப்புத்தான் மிஞ்சும். இறக்கியவுடன் சுளகில் பரப்பி விசிறி ஆறவிடவேண்டும். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிப்போகும்.

வறுக்கும்போது ஈரம் போய் நிறை குறையும். 250 கிராமுக்கு 200 கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். ஒருநாள் விட்டு இடித்தால் மணம் இன்னும் கூடும். முழுவதையும் ஒரேயடியாக இடிக்காதீர்கள். தூள் கெதியில் மணத்தை விட்டுவிடும், கொட்டை தாங்கும். ஒரு கிழமைக்கு வேண்டியதை மட்டும் உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, ஈரமில்லாத போத்தலில் இறுக மூடி வெயில் படாமல் வையுங்கள். பள்ளிமுனையில் கடற்காற்று எதையும் நமுத்துப்போக வைக்கும், மூடி இறுக்கமாக இருக்கவேண்டும்.

இனிக் கணக்கு. ஒரு கோப்பைக்கு 8 கிராம், அதாவது குவித்து எடுத்தால் ஏறக்குறைய 2 தேக்கரண்டி. 200 கிராமில் 25 கோப்பை வரும். உங்கள் ஊரில் 250 கிராம் கொட்டை என்ன விலையோ அதை 25ஆல் பிரியுங்கள். அதுதான் ஒரு கோப்பையின் விலை. சீனியையோ பனங்கட்டியையோ சேர்த்துக்கொண்டு, பக்கற் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொட்டை கிடைக்காமல் தூள்தான் வாங்குகிறீர்களானால் ஒரு சோதனை இருக்கிறது. கண்ணாடிக் குவளையில் பச்சைத்தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை தூவுங்கள். நல்ல கோப்பித்தூள் கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி போன்ற கலப்புகள் நிறத்தை விட்டபடி உடனே கீழே இறங்கும்.

மண்டபத்திலிருந்து வந்த பாத்திரம்

நாங்கள் இடித்துக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு பாத்திரத்தை எடுத்துவந்தார். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு, மேலடுக்கின் அடியில் சிறு துளைகள். 1990இல் சண்டை தொடங்க, வள்ளத்தில் இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் இருந்தவர் அவர். திரும்பி வரும்போது பக்கத்துக் குடிசைக்காரி கொடுத்தாராம். “இங்க வந்த பிறகு ஒருநாளும் பாவிக்கேல்ல, பிள்ளை. இதுக்கேத்த தூள் எங்க?”

மேலடுக்கில் இரண்டு கோப்பைக்கான தூளைப் போட்டு மெல்ல அழுத்தி, கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி மூடிவைத்தோம். 20 நிமிடத்தில் கீழே கெட்டியான சாறு இறங்கியிருந்தது. அதில் சுடுநீர் விட்டு இரண்டு கோப்பை ஆக்கினோம்.

இந்தப் பாத்திரம் இல்லாதவர்கள் கவலைப்படவேண்டாம். தூளை ஒரு கேத்திலிலோ மூடியுள்ள பாத்திரத்திலோ போடுங்கள். கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிடம் விட்டு ஊற்றி, ஒருதரம் கலக்கி, 4 நிமிடம் மூடிவையுங்கள். பிறகு ஒரு கரண்டி பச்சைத்தண்ணீர் தெளித்தால் மண்டி அடியில் போய்விடும். மேலால் தெளிவை வார்த்துக்கொள்ளலாம். தூளைத் தண்ணீரோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிடுவதே பல வீடுகளில் கோப்பி கசப்பதற்குக் காரணம். தண்ணீரும் முக்கியம். கடலோரக் கிணற்றில் உவர் இருந்தால் குடிக்க எடுக்கும் நல்ல தண்ணீரில் போடுங்கள்.

மீந்த மண்டியை எறிய அக்காவுக்கு மனம் வரவில்லை. வறுத்த மல்லியும் ஒரு துண்டு வேர்க்கொம்பும் தட்டிப்போட்டு அதையே கொதிக்கவைத்து, பனங்கட்டியோடு பின்நேரப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கடைசி மண்டி கறிவேப்பிலை மரத்தடிக்குப் போனது.

கோப்பி நடந்த பாதை

இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தோம். மண்டபத்தைப் பற்றிக் கதைத்தபோது நான் படித்தது ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த முகாம் இருக்கும் இடத்தில்தான் ஒரு காலம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வரும் தொழிலாளரை நோய்ச் சோதனைக்காகத் தடுத்து வைத்தார்கள். அதற்கும் முன்னே கோப்பிக் காலம்.

1820களில் மலைநாட்டில் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினார்கள். அறுவடைக்குக் கைகள் தேவைப்பட, தமிழ்நாட்டின் ஏழைக் கிராமங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்தார்கள். அவர்கள் வள்ளங்களில் வந்து இறங்கியது இந்த மன்னார்க் கரைகளில்தான். இங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியுமாகப் பாதையிலே விழுந்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் கண்டது. இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து, மலையெங்கும் தேயிலை வந்தது. நாம் தேத்தண்ணி குடிக்கிற நாடாக மாறியது அப்படித்தான். அந்த மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவாக, 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடைபவனி போனார்கள்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். “அப்ப அவையளும் எங்களைப் போல வள்ளத்தில வந்து இறங்கின சனந்தானே” என்றார். பிறகு ஒரு மிடறு குடித்தார். “கசப்பிருக்கு. ஆனால் நல்ல கசப்பு.”

எங்கள் கவனத்துக்கு

சகோதரிகளே, கோப்பி நல்லதென்று அளவுக்கு மீறவேண்டாம். அதில் உள்ள கஃபீன் குடித்து 5 மணித்தியாலம் ஆனபிறகும் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். இரவில் நித்திரை வராமல் தவிக்கிறவர்கள் நம்மிடையே பலர். அப்படியானவர்கள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பியை நிறுத்திவிட்டு, கோப்பித்தூள் சேர்க்காத மல்லித்தண்ணி குடியுங்கள். கோப்பியும் தேத்தண்ணியும் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுப்பதைத் தடுக்கும். இரத்தச்சோகை உள்ளவர்களும் இரும்புச் சத்து மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டுக்கும் கோப்பிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடவேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஒருநாளைக்கு ஒரு கோப்பை போதும்.

இப்போது எங்கள் குழு மாதம் ஒருமுறை சேர்ந்து கொட்டை வாங்குகிறது. ஒருவர் முறை வைத்து வறுக்க, மற்றவர்கள் இடிக்கிறார்கள். அக்காவின் கடைக் கொப்பியில் கோப்பிக் கணக்கு தீர்ந்துவிட்டது. மற்றக் கடன்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கணவரைப் பற்றிய பதிலும் இன்னும் வரவில்லை.

போன மாதம் நான் போயிருந்தபோது, விபரம் கேட்க யாரோ இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். அக்கா அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். தட்டில் நான்கு கோப்பைகள் வந்தன. வந்தவர்களுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. நான்காவதை அவர் தன் கையில் எடுத்துக்கொண்டு, கதிரையை இழுத்துப்போட்டு அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“இனிக் கேளுங்கோ” என்றார்.