பெயரை மாற்றாத குரல்

பன்வில போன்ற மலையூர்களுக்குப் பெரிய பாடகர்கள் வருவதில்லை. வானொலிதான் அவர்களைக் கொண்டுவந்தது. இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனிபாவை நான் முதலில் கேட்டது இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையில். நோன்பு காலத்து அஸருக்குப் பின், உம்மா கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் பிழியும் நேரத்தில் அந்த உச்சக் குரல் எழும். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டைத் தோட்டத்து லயங்களில் இருந்த இந்துச் சகோதரர்களும் தம்முடைய பாட்டாகவே கேட்டார்கள்.

குரலை அறிந்த அளவுக்கு அதன் பின்னாலிருந்த வாழ்க்கையை நாம் அறியவில்லை. 1925 டிசம்பர் 25இல் இராமநாதபுரத்தில் பிறந்தவர் ஹனிபா. நாகூரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். பள்ளிப் பருவத்திலேயே பாடத் தொடங்கினார். முறையாகச் சங்கீதம் பயின்றவரல்லர். கல்யாண ஊர்வலம், மீலாத் மேடை, தர்கா விழா என்று தமிழ்நாடு முழுவதும் அலைந்தார். இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று பாடினார்.

இந்த அலைச்சலுக்கு ஒரு நோக்கம் இருந்தது. இளவயதிலேயே திராவிட இயக்கத்தில் சேர்ந்தவர் அவர். அண்ணாவின் கூட்டங்களில் மக்களைத் திரட்டியதும், நபிகளாரின் புகழைப் பாடியதும் ஒரே குரல்தான். பகுத்தறிவு பேசிய மேடைக்காகத் தன் மார்க்கத்தை அவர் ஒளிக்கவில்லை. மார்க்கத்தைக் காட்டி அந்த மேடையைவிட்டு விலகவுமில்லை. 1961இல் ‘பாவ மன்னிப்பு’ படத்தில் டி. எம். சௌந்தரராஜனுடன் பாடியபோதும் ஹனிபாவாகவே பாடினார். சட்ட மேலவை உறுப்பினர், வக்பு வாரியத் தலைவர் ஆகிய பதவிகள் பின்னர் வந்தன. ஆனாலும் மக்கள் அவரைப் பாடகராகவே வைத்திருந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த மாணவன் ஒருவன், “சேர், பாட்டையே தொழிலாக எடுத்தா வாப்பா விடுவாரா?” என்று கேட்டான். நல்ல குரல் அவனுக்கு. வாத்தியங்கள் ஆகுமா ஆகாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளல்ல. நான் அவனுக்குச் சொன்னது வேறு. “உன் வாப்பா பயப்படுவது பாட்டுக்கு மட்டுமல்ல மகன். மாதச் சம்பளமில்லை. பெருநாளன்றும் வேறு ஊரில் நிற்க வேண்டிவரும். தொண்டை கட்டினால் அடுப்பெரியாது. இவ்வளவையும் எதற்காகத் தாங்கப்போகிறாய் என்பதை முதலில் உனக்கே சொல்லிப்பார். பிறகு வாப்பாவிடம் பேசு.” அவன் இன்னும் பேசவில்லை. பள்ளிவாசலில் பைத் மட்டும் ஓதுகிறான்.

பாட்டு நம் சமூகத்துக்குப் புதிதல்ல. முனாஜாத்தும் கிஸ்ஸாவும் ராகத்தோடு ஓதிக் கேட்கப்பட்டவை. இதே கண்டி மாவட்டத்தில், தெல்தோட்டைப் போப்பிட்டியவில் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் (1866–1918) சந்தத் திருப்புகழ் பாடியவர். றமழான் இரவுகளில் தாயிரா தட்டி நம்மை ஸஹருக்கு எழுப்பிய பாவாமாரும் ஊரூராய்ப் பாடித் திரிந்தவர்களே.

ஹனிபா 2015 ஏப்ரல் 8இல் சென்னையில் காலமானார். அவருடைய பாட்டுகள் பதிவாகி நிலைத்துவிட்டன. நமது பாவாமாரின் பாட்டுகளோ, அவர்களது பெயர்களோ எங்கும் பதிவாகவில்லை. வத்துகாமம், மடுல்கலைப் பக்கங்களில் அவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கேட்டு எழுதிவைப்பது நம் கடமை.